வறட்டு இருமல்: உள்ளே கட்டியிருப்பது சளிதானா?

மருந்துக் கடையில் போய் "இருமலுக்கு ஒரு சிரப் கொடுங்கண்ணே" என்று கேட்டால், கடைக்காரர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "வறட்டு இருமலா, சளி இருமலா?" அதற்குப் பலரும் சொல்லும் பதில்: "சளி வெளிய வரலண்ணே, உள்ளயே கட்டிக்கிட்டு இருக்கு." அவரும் சளியைக் கரைக்கும் சிரப் ஒன்றை எடுத்துத் தருவார். வீட்டுக்கு வந்தால் பாட்டி ஆடாதொடைக் கஷாயம் வைத்திருப்பார். எதிர்வீட்டு அக்கா ஆவி பிடிக்கச் சொல்வார். வாட்ஸ்அப்பில் ஒருவர் வெங்காயத்தை நறுக்கிப் பாதத்தில் கட்டச் சொல்லி வீடியோ அனுப்புவார். ஆளுக்கொரு வழி சொன்னாலும் எல்லோருடைய நோக்கமும் ஒன்றுதான்: உள்ளே கட்டியிருக்கும் சளியை எப்படியாவது வெளியே கொண்டுவர வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், வறட்டு இருமலில் பெரும்பாலும் அப்படி வெளியே கொண்டுவர வேண்டிய சளியே இருப்பதில்லை. இருப்பது எரிச்சலடைந்த நரம்பு. இது ஒன்று பிடிபட்டுவிட்டால் எந்தக் கைவைத்தியம் உதவும், எது வீண், எது ஆபத்து என்று நாமே ஓரளவு பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

புரையேறும்போது நடப்பது என்ன?

சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறோம். ஒரு பருக்கை தப்பான வழியில் போகிறது. அடுத்த நொடியே இருமல் வெடிக்கிறது. நாம் யோசித்து இருமவில்லை, உடம்பு தானாகவே செய்தது. இப்படி நம் முடிவுக்குக் காத்திராமல் உடம்பு செய்யும் வேலைக்கு அனிச்சைச் செயல் என்று பெயர். கண்ணில் தூசி பட்டதும் இமை மூடிக்கொள்வது போன்றதுதான் இதுவும்.

குரல்வளையிலும், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்திலும் நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. அந்நியப் பொருள் பட்டாலும், ஏதாவது எரிச்சல் மூட்டினாலும் அவை உடனே செய்தி அனுப்பும். செய்தி போகும் பாதைக்கு வேகஸ் நரம்பு என்று பெயர். மூளையின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பி, தொண்டை, நெஞ்சு வழியாக வயிறு வரை இறங்கும் நீளமான நரம்பு அது. செய்தி மூளையின் அடிப்பகுதியைச் சேர்ந்ததும் உத்தரவு வருகிறது: ஒரு மூச்சு உள்ளே இழு, குரல்நாண்களை இறுக மூடு, நெஞ்சையும் வயிற்றையும் அழுத்து, பிறகு சட்டென்று திற. அடைபட்டிருந்த காற்று பீறிட்டு வெளியேறுகிறது. அதுதான் இருமல்.

இந்த வேகஸ் நரம்பின் சின்னக் கிளை ஒன்று காதுத் துளையின் தோலுக்கும் போகிறது. அதனால்தான் காதில் பட்ஸ் விட்டுக் குடையும்போது சிலருக்குக் காரணமே இல்லாமல் இருமல் வருகிறது. காதுக்கும் சளிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நரம்பைத் தொட்டோம், இருமல் வந்தது, அவ்வளவுதான்.

மிளகாய் வறுத்தால் வீடே இருமுவது ஏன்?

சமையலறையில் காய்ந்த மிளகாய் கொஞ்சம் கருகினால் போதும், கூடத்தில் டிவி பார்ப்பவரும் மாடியில் துணி காயப்போடுபவரும் சேர்ந்து இருமுவார்கள். அத்தனை பேருக்கும் அந்த நிமிடத்தில் நெஞ்சில் சளி கட்டிவிட்டதா என்ன?

மிளகாயின் காரத்துக்குக் காரணமான பொருள் கேப்சைசின். அது நரம்பு முனையிலுள்ள ஒரு புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு, சூடு பட்டது போன்ற செய்தியைக் கிளப்பிவிடுகிறது. நாக்கில் பட்டால் காரம், மூச்சுப் பாதையில் பட்டால் இருமல். டி.ஆர்.பி.வி.1 என்று அழைக்கப்படும் அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஒருவருக்கு இருமல் எவ்வளவு சுலபமாகத் தூண்டப்படுகிறது என்று ஆய்வகத்தில் அளக்க வேண்டுமானால், இதே கேப்சைசினைத்தான் மிகச் சிறிய அளவில் ஆவியாக்கி முகரச் செய்கிறார்கள். நம் வீட்டுத் தாளிப்பின் நெடிதான் அங்கே பரிசோதனைக் கருவி.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: இருமல் என்பது நரம்பு கொடுக்கும் எச்சரிக்கை. சளி அந்த நரம்பைத் தூண்டலாம். ஆனால் சளி இல்லாமலேயே வேறு பலவும் தூண்டலாம்.

காய்ச்சல் போய்விட்டது, இருமல் மட்டும் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது?

வறட்டு இருமலுக்கு மிகப் பொதுவான காரணம் சாதாரண ஜலதோஷம்தான். வைரஸ் வந்து மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உள்தோலைப் புண்ணாக்குகிறது. மூன்று நான்கு நாளில் காய்ச்சல் போய்விடும், ஒரு வாரத்தில் மூக்கு ஒழுகுவதும் நின்றுவிடும். உள்தோல் ஆறுவதற்கு மட்டும் இன்னும் நாளாகும். அதுவரை அங்கேயுள்ள நரம்பு முனைகள் அளவுக்கு மீறிய கூச்சத்தில் இருக்கும்.

தெருவில் நிறுத்தியிருக்கும் காரின் அலாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திருடன் கதவை உடைத்தால் கத்தத்தான் அதை வைத்திருக்கிறார்கள். கூருணர்வை ஏற்றி வைத்துவிட்டால் பூனை குதித்தாலும் கத்தும், தண்ணி லாரி போனாலும் கத்தும். கிருமி போன பிறகு வரும் வறட்டு இருமலும் அப்படித்தான். கொஞ்சம் பலமாகச் சிரித்தால் இருமல், போனில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசினால் இருமல், ஏசி அறைக்குள் நுழைந்தால் இருமல், லிஃப்டில் யாரோ பூசியிருந்த சென்ட் வாசனைக்கும் இருமல். உள்ளே திருடன் இல்லை, கதவைத் தட்டிச் சளியைத் தேடிப் பயனில்லை. அலாரத்தின் கூருணர்வு இறங்க வேண்டும்.

அது இறங்க எவ்வளவு நாள் ஆகும்? இங்கேதான் மக்கள் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவில் 2013இல் வெளியான ஓர் ஆய்வு, இருமல் எத்தனை நாளில் போய்விடும் என்று மக்களிடம் கேட்டது. பெரும்பாலும் ஏழு முதல் ஒன்பது நாள் என்று பதில் வந்தது. உண்மையில் எத்தனை நாள் நீடிக்கிறது என்று பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது சராசரி ஏறக்குறைய 18 நாளாக இருந்தது.

இந்த இடைவெளியில்தான் வியாபாரம் நடக்கிறது. முதல் வாரம் கைவைத்தியம். எட்டாவது நாள் பொறுமை போய்விடும், கடையில் ஒரு சிரப். பத்தாவது நாள் ஆன்டிபயாட்டிக். பதினைந்தாவது நாள் வேறு டாக்டர், வேறு ஆன்டிபயாட்டிக். பதினெட்டாவது நாள் இருமல் தானாக நின்றுவிடும். கடைசியாக யாருடைய மருந்தைச் சாப்பிட்டோமோ அவர் கைராசிக்காரர் ஆகிவிடுவார்! வைரஸால் வந்த இருமலில் ஆன்டிபயாட்டிக்குக்கு வேலையே இல்லை. அது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து, நரம்பின் கூச்சத்தைக் குறைக்காது.

இன்னொரு விஷயமும் உண்டு. இருமல் இருமலைக் கூட்டும். ஒவ்வொரு முறை பலமாக இருமும்போதும் குரல்நாண்கள் மோதிக்கொள்கின்றன, ஏற்கெனவே புண்ணான உள்தோல் மேலும் உரசப்படுகிறது, நரம்பு மேலும் எரிச்சலடைகிறது. "இருமி இருமி வெளியே தள்ளிடு" என்பது சளி இருமலுக்குச் சரியான யோசனை. வறட்டு இருமலில் அது புண்ணைச் சொறிவதில்தான் முடியும்.

ஆக, வீட்டில் நாம் செய்யக்கூடியது மூன்றுதான்: நரம்பை ஆற்றுவது, அதைச் சீண்டும் பொருட்களை விலக்குவது, உரசலைக் குறைப்பது. இனி ஒவ்வொரு வைத்தியத்தையும் இந்த மூன்றில் எதைச் செய்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.

தேன் எப்படி வேலை செய்கிறது?

கைவைத்தியங்களில் ஓரளவு உறுதியான ஆய்வு ஆதாரம் இருப்பது தேனுக்குத்தான். 2007இல் பென்சில்வேனியாவில் இரவில் இருமலால் தூங்காத பிள்ளைகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தேன், ஒரு பிரிவுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் என்ற வழக்கமான இருமல் மருந்து, மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் இல்லை. எதுவுமே கொடுக்கப்படாத பிள்ளைகளைவிடத் தேன் சாப்பிட்டவர்களின் இருமல் தெளிவாகக் குறைந்தது, தூக்கமும் நன்றாக இருந்தது. இருமல் மருந்துக்கு அந்த அளவு வித்தியாசம் தெரியவில்லை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ், 2018இல் வெளியிட்ட பரிந்துரையில் சாதாரண இருமலுக்கு முதலில் தேனை முயன்று பார்க்கலாம் என்றே சொன்னது.

தேன் மூச்சுக்குழாய்க்குள் போய்ப் புண்ணில் பூசிக்கொள்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி உள்ளே போனால் புரையேறிவிடும். விழுங்குவதெல்லாம் உணவுக்குழாய்க்குத்தான் போகும், மூச்சுக்குழாய்ப் பக்கமே எட்டிப்பார்க்காது. கஷாயமும் சிரப்பும் அப்படியேதான்.

பிறகு எப்படி உதவுகிறது? கெட்டியான இனிப்புப் பொருள் தொண்டையில் மெல்லிய படலமாகப் படிகிறது. இனிப்பு பட்டதும் எச்சில் ஊறுகிறது, எச்சில் ஊறினால் அடிக்கடி விழுங்குகிறோம். விழுங்கும் செயல் இருமல் உந்துதலை அந்த நேரத்துக்கு அமர்த்துகிறது. தொண்டையின் நரம்புச் செய்திகளும் மூச்சுக்குழாயின் செய்திகளும் மூளையில் பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கே வந்து சேர்வதால், ஒன்றை ஆற்றினால் மற்றதும் கொஞ்சம் அடங்குகிறது. இருமல், ஜலதோஷம் பற்றிப் பல்லாண்டு ஆராய்ந்த கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ரான் எக்கிள்ஸ், கடையில் விற்கும் இருமல் சிரப்களின் பலனில் பெரும்பங்கு மருந்தால் வருவதல்ல, பாகுத் தன்மையும் இனிப்பும், குணமாகும் என்ற நம்பிக்கையும் தருவதுதான் என்று வாதிட்டவர். சிரப் என்ற சொல்லுக்கே பாகு என்றுதான் பொருள். பாகில் மருந்து இருக்கிறதோ இல்லையோ, பாகு இருக்கிறது!

பெரியவர்கள் ஒன்றிரண்டு தேக்கரண்டி, ஒரு வயது தாண்டிய பிள்ளைகள் அரை முதல் ஒரு தேக்கரண்டி, படுப்பதற்குச் சற்று முன்னால் அப்படியே நக்கிச் சாப்பிடலாம். பல் தேய்த்த பிறகு சாப்பிட்டால் வாயைக் கொப்பளித்துவிட்டுப் படுக்க வேண்டும். பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொள்வதும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும். சர்க்கரை நோயாளிகள் இரண்டையும் சர்க்கரையாகவே கணக்கில் வைக்க வேண்டும். "பனங்கற்கண்டு சுகரை ஏத்தாது" என்று சொல்பவர்கள் உங்கள் ரத்தத்தைச் சோதித்துவிட்டுச் சொல்வதில்லை.

கஷாயங்கள் எல்லாம் ஒன்றல்ல

பாட்டி வைத்தியம் என்று ஒரே பையில் எல்லாவற்றையும் போடுவதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. ஆடாதொடையைப் பாருங்கள். அதன் இலையில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. அதை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற ஆங்கில மருந்தை உருவாக்கினார்கள். இன்று டாக்டர்கள் எழுதும் அம்ப்ராக்சால் அதன் நேரடி வாரிசு. இவையெல்லாம் கெட்டிச் சளியை இளக்குவதற்கான மருந்துகள். நெஞ்சில் கொழகொழவென்று சளி இருப்பவருக்கு ஆடாதொடை பொருத்தமான தேர்வாக இருக்கலாம். சளியே இல்லாத வறட்டு இருமலுக்கு அதைக் குடித்துவிட்டு "கசப்பா இருக்கு, கேக்கவே மாட்டேங்குது" என்றால் குற்றம் இலையின் மீது இல்லை. கர்ப்பிணிகள் ஆடாதொடையைத் தவிர்க்க வேண்டும், அது கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது.

வறட்டு இருமலுக்கு அதிமதுரம் பொருத்தமானது. நாட்டு மருந்துக் கடையில் சுள்ளி போலக் கட்டிவைத்து விற்பார்களே, அந்த வேர்தான். உடைத்தால் உள்ளே மஞ்சள் நார், மென்றால் முதலில் மரக்கட்டை மாதிரி இருக்கும், பிறகு இனிப்பு ஊற ஆரம்பித்து நெடுநேரம் நாக்கில் நிற்கும். சுண்டுவிரல் கணு அளவு துண்டை வாயில் அடக்கி மெதுவாகச் சாற்றை விழுங்கினால் தொண்டை அரிப்பு அடங்குவது தெரியும். ஆனால் வாரக்கணக்கில் சாப்பிடும் சமாச்சாரம் இல்லை இது. அதிலுள்ள கிளிசிரைசின் ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்பிலுள்ள பொட்டாசியத்தைக் குறைக்கும். பிபி, இதயநோய், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் தொடாமல் இருப்பதே நல்லது. "இயற்கைதானே, ஒண்ணும் பண்ணாது" என்பவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

மிளகுக்கு வருவோம். மிளகின் காரமும் மிளகாயின் காரமும் தட்டுவது அதே டி.ஆர்.பி.வி.1 கதவைத்தான். ஜலதோஷத்தின் முதல் நாட்களில் மிளகு ரசம் மூக்கைத் திறந்துவிட்டுச் சுகமாக இருக்கும். ஆனால் தொண்டை புண்ணாகி, தொட்டாலே இருமுகிற நிலையில் காரசாரமான மிளகுக் கஷாயம் சிலருக்கு இருமலை அதிகமாக்கும். உங்களுக்கு எப்படி என்று ஒரு வாய் குடித்தாலே தெரிந்துவிடும், அடம்பிடித்துக் குடிக்க வேண்டியதில்லை.

மஞ்சள் பால், துளசித் தண்ணீர், சுக்குக் காப்பி, இலங்கையில் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடிக்கும் குடிநீர் இவற்றிலெல்லாம் நிச்சயமாக உதவுவது வெதுவெதுப்பும் ஈரமும். மூலிகையின் பங்கு அதற்கு மேல் எவ்வளவு என்பது அவ்வளவு தெளிவாகத் தெரியாத விஷயம். இதமாக இருந்தால் குடியுங்கள். பால் குடித்தால் சளி கூடும் என்ற பயமும் தேவையில்லை. பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் கொஞ்சம் கெட்டியாகத் தோன்றும், புதிதாகச் சளி ஊறுவதில்லை. கிராம்பு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வதும் பலருக்குப் பிடிக்கும். அதிலுள்ள யூஜெனால் பட்ட இடத்தைச் சற்று மரத்துப்போகச் செய்வதால் அரிப்பு குறைகிறது. வெங்காயத்தைப் பாதத்தில் கட்டினால் கிடைப்பது வெங்காய வாசனையுள்ள பாதம்தான்.

ஆவி பிடிப்பதும் உப்புத் தண்ணீரும்

ஆவி பிடித்தால் அடைத்த மூக்குக்குக் கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும், அதற்கு மேல் இருமலில் அதன் பலனுக்கு நல்ல ஆதாரம் கிடையாது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது பொது இடங்களில் பலர் ஆவி பிடிக்கும் ஏற்பாடுகளைச் செய்யப்போய், அது வேண்டாம் என்று தமிழ்நாடு அரசே சொல்ல வேண்டிய நிலை வந்தது நினைவிருக்கும். இதில் பெரிய ஆபத்து கொதிநீர். போர்வைக்குள் குண்டானை வைத்துக்கொண்டு குழந்தையை மடியில் உட்காரவைப்பது தீக்காய வார்டுக்குப் போகும் வழி. வெந்நீரில் தைலத்தைக் கரைப்பதும் சிறு பிள்ளைகளுக்குக் கூடாது. அதிலுள்ள கற்பூரம் அவர்களுக்கு நஞ்சாகலாம்.

உப்புத் தண்ணீர் கொப்பளிப்பது எளிது, செலவும் இல்லை. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போதும். அது எட்டுவது தொண்டை வரைதான், மூச்சுக்குழாய் வரை போகாது. தொண்டை கரகரப்பால் வரும் இருமலுக்கு உதவும்.

இருமலை அடக்கலாமா?

அடக்கினால் உள்ளே தங்கிவிடும் என்ற பயம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. சளி இருமலில் அந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு. வறட்டு இருமலில் தங்குவதற்கு ஒன்றுமில்லை, அதனால் தாராளமாக அடக்கலாம். நாள்பட்ட இருமலுக்குப் பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் சொல்லிக்கொடுக்கும் சிகிச்சையின் மையமே இதுதான்.

தொண்டையில் அந்த அரிப்பு கிளம்பும் கணம் உங்களுக்குத் தெரியும். இருமல் வெடிப்பதற்கு ஓரிரு நொடி முன்னால் வரும். அப்போது வாயை மூடிக்கொண்டு எச்சிலை ஒருமுறை விழுங்குங்கள், அல்லது பக்கத்தில் வைத்திருக்கும் தண்ணீரை ஒரு மிடறு குடியுங்கள். அப்புறம் மூக்கால் மெதுவாக, ஆழமில்லாமல் மூச்சு விடுங்கள். வாயால் பெரிதாக மூச்சு இழுத்தால் வறண்ட காற்று நேராக நரம்பில் மோதி இருமலைக் கிளப்பிவிடும். முதல் நாள் பாதி முறை தோற்றுப்போவீர்கள், பரவாயில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கும் பழக்கமும் ஒரு குட்டி இருமல்தான். அதையும் விழுங்கலாக மாற்றிக்கொள்ளுங்கள்.

இரவில் படுத்ததும் இருமல் கூடுவதற்குக் காரணம், மூக்கின் பின்பக்கம் வடிவது தொண்டையில் இறங்குவதும், வயிற்று அமிலம் மேலே ஏறுவதும்தான். தலைப் பக்கத்தைச் சற்று உயர்த்திப் படுப்பதும், ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுவதும் பலன் தரும்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் தூண்டுகோல்

கொசுவத்திச் சுருளைக் கொளுத்திவைத்துவிட்டு அதே அறையில் தேன் சாப்பிட்டுப் படுப்பவர்கள் நிறையப் பேர். ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வெளியாகும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிந்தால் வரும் அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. கொசுவலைக்கு மாறுவது எந்தக் கஷாயத்தையும்விட இருமலுக்கு நல்லது. ஊதுபத்தி, சாம்பிராணி, சிகரெட், குப்பை எரிக்கும் புகை, தாளிப்பு நெடி எல்லாம் இதே கணக்கில்தான் வரும். சாம்பிராணி போட்டால் சளி போகும் என்று குழந்தையின் தலைக்குப் புகை காட்டுவதைக் குறைந்தபட்சம் இருமல் இருக்கும் நாட்களிலாவது நிறுத்திவையுங்கள்.

ஈரப்பதத்தைக் கூட்டும் இயந்திரம் வாங்கச் சொல்லும் யோசனை குளிர்நாடுகளிலிருந்து வந்தது. அங்கே ஹீட்டர் போட்ட அறையில் காற்று காய்ந்து கிடக்கும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் காற்றே நனைந்துதான் இருக்கிறது. இங்கே வறட்சியைக் கொண்டுவருவது ஏசி. அதன் வேகத்தைக் குறைத்து, காற்று முகத்தில் நேராகப் படாமல் திருப்பி வைத்தால் போதும். ஐஸ்கிரீமும் வாழைப்பழமும் இருமலை உண்டாக்குவதில்லை. இருமல் ஏற்கெனவே இருக்கும்போது குளிர்ந்தது பட்டால் சிலருக்குத் தூண்டும், அவர்கள் மட்டும் தவிர்த்தால் போதும்.

மீண்டும் ஒருமுறை: தேன், பனங்கற்கண்டு, அளவோடு அதிமதுரம், வெதுவெதுப்பான பானங்கள் நரம்பை ஆற்றும். புகையை விலக்கினால் சீண்டல் குறையும். இருமலை விழுங்கலாக மாற்றினால் உரசல் குறையும்.

குழந்தைகள் விஷயத்தில் கணக்கு வேறு

ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. தேனில் சில நேரம் இருக்கும் ஒருவகை பாக்டீரியா வித்துகள் பெரியவர் வயிற்றில் ஒன்றும் செய்வதில்லை. கைக்குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும், தசைகள் தளர்ந்து மூச்சே நின்றுபோகலாம். பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை வைக்கும்போதும், உரை மருந்து உரைத்துக் கொடுக்கும்போதும் தேனைத் தொட்டுக்கொள்வது நம் வீடுகளில் வழக்கம். அந்த ஒரு சொட்டையும் விட்டுவிட வேண்டும். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது.

சிரப்பிலும் நிதானம் தேவை. 2022இல் காம்பியாவிலும், 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவிலும் இருமல் சிரப் குடித்த சிறு பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சிந்த்வாராவில் கொடுக்கப்பட்ட மருந்து தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் கலந்திருந்தது டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலைக் கரைப்பான். அதன்பின் மத்திய அரசின் சுகாதாரப் பணிகள் இயக்குநரகம், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவே கூடாது என்றும், ஐந்து வயது வரை பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. எல்லாச் சிரப்பும் நஞ்சு என்று இதற்குப் பொருளல்ல. சின்னப் பிள்ளைகளுக்கு அவற்றால் பலன் சொற்பம், அந்தச் சொற்பத்துக்காக எந்த ரிஸ்க்கும் எடுக்கத் தேவையில்லை என்பதுதான் விஷயம்.

நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று இருமத் தொடங்கினால் வேர்க்கடலையோ புளியங்கொட்டையோ மூச்சுக்குழாயில் போயிருக்கலாம். இருமல் அடங்கிவிட்டது போலத் தோன்றினாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கிராம்பு, மிட்டாய், அதிமதுரத் துண்டு போன்றவற்றைச் சிறு பிள்ளைகளுக்கு வாயில் அடக்கக் கொடுக்காததற்கும் இதுவே காரணம்.

ஜலதோஷம் இல்லாமல் வரும் வறட்டு இருமல்

மேலே சொன்னதெல்லாம் ஜலதோஷத்துக்குப் பின் வரும் இருமலுக்குத்தான். காய்ச்சல், மூக்கொழுகல் எதுவுமே வராமல் வறட்டு இருமல் மட்டும் தொடர்ந்தால் தேன் பாட்டிலை மூடிவைத்துவிட்டு வேறு காரணம் தேட வேண்டும்.

முதலில் பிபி மாத்திரை. ராமிப்ரில், எனலாப்ரில், லிசினோப்ரில் என்று பெயர் 'ப்ரில்' என்று முடியும் மாத்திரைகள், சாப்பிடுபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு விடாத வறட்டு இருமலைக் கொடுக்கும். மாத்திரை தொடங்கிய வாரமே வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம். இது தெரியாமல் மாதக்கணக்கில் கஷாயம் குடித்தவர்கள் உண்டு. நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் இருமல் தராத வேறு வகைக்கு மாற்றித் தருவார், மாற்றியபின் சில வாரங்களில் இருமல் போய்விடும்.

நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், படுத்தால் கூடும் இருமல் என்றால் வயிற்று அமிலம் காரணமாக இருக்கலாம். விடியற்காலையிலும் ஓடியாடிய பிறகும் வரும் வறட்டு இருமல், வீசிங் சத்தமே இல்லாத ஆஸ்துமாவாக இருக்கலாம். இதற்கு இன்ஹேலர்தான் சரியான மருந்து. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற பயத்தில் அதைத் தள்ளிப்போடுவது நம் ஊரின் தனிப் பிரச்சினை.

அப்புறம் காசநோய். இரண்டு வாரத்தைத் தாண்டிய எந்த இருமலுக்கும் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நம் நாட்டின் விதி. அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதற்குக் காசு வாங்குவதில்லை. ஜலதோஷ இருமலே சராசரியாக 18 நாள் நீடிக்கும் என்றால் இரண்டு வாரத்தில் எதற்குச் சோதனை என்று கேட்கலாம். சோதிக்கும் பெரும்பாலோருக்குக் காசநோய் இருக்காதுதான். இருக்கும் ஒருவரை இரண்டு மாதம் கழித்துக் கண்டுபிடித்தால் அதற்குள் வீட்டில் இன்னும் நான்கு பேருக்குப் பரவியிருக்கலாம். சாயங்காலக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவது ஆகியவை சேர்ந்திருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

ரத்தம், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, சில நாளாகியும் இறங்காத காய்ச்சல் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றே பார்க்க வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தாலும், புகைப்பவருக்கு இருமலின் தன்மை மாறியிருந்தாலும், ஆறு மாதம் ஆகாத குழந்தை இருமினாலும் தாமதிக்கக் கூடாது.

டாக்டரிடம் போகும்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூரணப் பொட்டலம் உட்பட, எடுத்துக்கொண்டு போங்கள். இருமல் என்றைக்குத் தொடங்கியது, படுத்தால் கூடுகிறதா, ஓடினால் கூடுகிறதா, சாப்பிட்டால் கூடுகிறதா என்று நான்கு வரி எழுதி வைத்துக்கொண்டால், "ரொம்ப நாளா இருக்கு டாக்டர்" என்று சொல்வதைவிட அவருக்கு எவ்வளவோ உதவும்.